நொய்யல் கரையில இருந்து அரச்சலூர் மலை வரைக்கும்: நடக்க வர்றவங்க கேக்கற கேள்விங்க

போன்லயும் வாட்ஸ்அப்லயும் கேட்டதையேதான் எல்லாரும் கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி மாளலைங்க. அதனால எல்லாத்தையும் ஒட்டுக்கா எழுதிப் போட்டாச்சு. முழுசா படிச்சுட்டு அதுக்கப்புறமும் சந்தேகம் இருந்தா தாராளமா கேளுங்க.

இது என்னங்க, டூர் பேக்கேஜா?

இல்லைங்க. ஏஜென்சி கிடையாது, ஏசி பஸ் கிடையாது, தொப்பி குடுக்கறதும் கிடையாது. ஈரோடு மாவட்டத்துல நொய்யல் கரையில இருக்கற கொடுமணல்ல ஆரம்பிச்சு சென்னிமலை, வெள்ளோடு, ஓடாநிலைன்னு அரச்சலூர் நாகமலை வரைக்கும் போற வழியில இருக்கற ஊருக்காரங்க நாங்க கொஞ்சம் பேரு. காடு தோட்டம் பாக்கறவங்க (காடுன்னா எங்க பக்கம் மானாவாரி நெலம்), தறி ஓட்டறவங்க, ரெண்டு ரிட்டையர்டு வாத்தியாருங்க, கம்பெனி வேலைக்குப் போயிட்டு ஞாயித்துக்கெழமை மட்டும் ஊட்ல இருக்கற பசங்க, அவ்வளவுதான். வர்றவங்களக் கூட்டிட்டு நடப்போம், வழியில எங்கூட்ல சோறு போடுவோம், தெரிஞ்ச பழைய கதையச் சொல்லுவோம். மொத்தத்தையும் நடக்கறதுன்னா ரெண்டு மூணு நாளாகும், ஒரு நாள் மட்டும் வந்து ஒரு துண்டு நடந்துட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி.

அப்படி என்னங்க இருக்கு இந்தப் பக்கம்? பெரிய கோட்டை, அரண்மனை ஒண்ணும் காணோமே?

அதைத்தான் மொதல்லயே சொல்லிப்போடறோம், அண்ணாந்து பாக்கற மாதிரி ஒண்ணும் இருக்காது. தஞ்சாவூர் பெரிய கோயில் மாதிரி எதிர்பாத்து வந்தீங்கன்னா ஏமாந்து போயிருவீங்க. இங்க இருக்கறதெல்லாம் தரையோட தரையா இருக்குது, காட்டுக்குள்ள நட்டு வெச்ச கல்லு, பாறையில வெட்டுன எழுத்து, புலிகூடச் சண்டை போட்டுச் செத்தவனுக்கு வெச்ச புலிகுத்திக்கல்லு, ஆத்தங்கரையில செதறிக் கெடக்கற ஓட்டாஞ்சில்லு.

ஆனா இது சாதாரண வழி இல்லைங்க. மேக்க சேர நாட்டுக் கடக்கரையில முசிறில கப்பல்ல வந்த சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியா உள்ள வந்து, நொய்யலை ஒட்டியே கெழக்க கரூர் வரைக்கும் போயிருக்குது. கொங்கப் பெருவழின்னு சொல்றது இதைத்தான். கோயமுத்தூருக்கு மேக்க சுண்டக்காமுத்தூர் பக்கம் பாறையில 'ராஜகேசரிப் பெருவழி'ன்னு ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டே இருக்குது, தமிழ்லயும் வட்டெழுத்துலயும். வெள்ளலூர்லயும், கொடுமணலுக்குப் பக்கத்துல கத்தாங்கண்ணிலயும் ரோமானிய வெள்ளிக்காசு பானை பானையாக் கெடச்சுது. இன்னைக்குத் திருப்பூர்ல இருந்து பனியன் கண்டெய்னர் போகுதேன்னு ஆச்சரியப்படறவங்க இதையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, இந்த மண்ணுல இருந்து ஏத்துமதி ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே நடந்துருக்குது.

கொடுமணல் போயிட்டு வந்த பிரண்டு "அங்க ஒண்ணுமே இல்ல, வெறும் காடு"ன்னு சொல்றான். நெசமா?

தனியாப் போனா அப்படித்தாங்க தெரியும். 1985-ல ஆரம்பிச்சு பல தடவை அங்க தோண்டியாச்சு, தமிழ்ப் பல்கலைக்கழகம், தொல்லியல் துறைன்னு பல பேரு. ஆனா தோண்டி முடிச்சா குழியை மூடிப்போடுவாங்க, அதான் மொறை. கெடச்ச சாமானெல்லாம் அருங்காட்சியகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் போயிரும், மேல பழையபடி சோளமோ கடலையோ வெதைச்சுருப்பாங்க. அதனால போர்டு தேடிக்கிட்டுப் போறவனுக்கு வெறும் காடுதான்.

தெரிஞ்சவங்க கூட்டிட்டுப் போனா வேற மாதிரி இருக்கும். ஊருக்குத் தள்ளி ஈமக்காடு, அதாவது அந்தக் காலத்துச் சுடுகாடு இருக்குது, கல்லை வட்டமா அடுக்கி நடுவுல பலகைக்கல்லுல பெட்டி மாதிரி கட்டி வெச்சுருப்பாங்க, அந்தப் பலகையில உருண்டையா ஒரு ஓட்டை இருக்கும் பாருங்க, அதுக்குப் பக்கத்துல குத்த வெச்சு உக்காந்துதான் எங்க வாத்தியாரு பேச ஆரம்பிப்பாரு. ஒரே கல்லறைக்குள்ள ரெண்டாயிரத்துக்கு மேல சூதுபவள மணி, செவப்புக் கல்லுமணி, இருந்துருக்குது. சூதுபவளக் கல்லு இந்தப் பக்கத்து மண்ணுல கெடைக்கறதில்ல, குஜராத் பக்கம் இருந்து வந்துருக்கணும்னு சொல்றாங்க. படிகம், நீலக்கல்லு, பச்சைக்கல்லெல்லாம் இந்தச் சுத்துவட்டாரத்துச் சரக்குதான், காங்கேயத்துக்குப் பக்கத்துல படியூர்ல பச்சைக்கல்லு வெட்டியிருக்காங்க, 19-ஆம் நூத்தாண்டு ஆரம்பத்துல வெள்ளக்காரனும் அங்க கெணறு வெட்டிக் கல்லெடுத்தான். கல்லை அறுத்து, ஓட்டை போட்டு, மெருகேத்துன பட்டறை கொடுமணல்ல இருந்துருக்குது, பாதி வேலையில ஓட்டை ஒடைஞ்சுபோன மணிகூட அங்கயே கெடச்சுது. இரும்பு உருக்குன ஒலை இருந்துருக்குது, அதுக்குக் கல்லு சென்னிமலைப் பக்கத்துல இருந்து. பதிற்றுப்பத்துல 'கொடுமணம்'னு வர்றது இந்த ஊருதான்னு சொல்றாங்க.

இன்னொண்ணு, பானை ஓட்டுல ஆளுங்க பேரை எழுதி வெச்சுருக்காங்க, தமிழ் எழுத்துல, நூத்துக்கணக்குல. ராசா கல்வெட்டு இல்லைங்க அது, இது என்ற பானைன்னு சாதாரண சனம் கிறுக்குனது.

நடக்கறப்ப மணி, ஓடு ஏதாச்சும் கெடச்சா எடுத்துக்கலாமா?

கூடவே கூடாதுங்க. மழை பேஞ்சா மேல வந்து மினுக்கும், கை சும்மா இருக்காதுதான், ஆனா தொட்டுப் பாத்துட்டு அங்கயே வெச்சுருங்க. 1878-லயே போட்ட புதையல் சட்டம் இருக்குது, மண்ணுக்குள்ள இருந்து பத்து ரூவாய்க்கு மேல பெறுமானமுள்ள பழைய பொருள் கெடச்சா கலெக்டருக்குத் தெரியப்படுத்தணும். சட்டத்தை விடுங்க, அந்த ஓடு எந்த எடத்துல, எவ்வளவு ஆழத்துல, எதுக்குப் பக்கத்துல கெடந்துச்சுங்கறதுலதான் சேதியே இருக்குது. உங்க ஷோகேஸுக்கு வந்துட்டா அது வெறும் ஓடு. மணி வாங்கறேன்னு சொல்லிக்கிட்டு ஊருக்குள்ள சுத்தற ஆளுங்களும் உண்டு, அந்த மாதிரி யாரையாச்சும் கூட்டிட்டு வந்தீங்கன்னா பாதியிலயே திருப்பி அனுப்பிருவோம்.

இட்டேரி இட்டேரின்னு சொல்றீங்களே, அது என்ன?

ரெண்டு பக்கமும் வேலி, நடுவுல வண்டித்தடம், அதாங்க இட்டேரி. காட்டுக்கும் காட்டுக்கும் நடுவுல, ஊருக்கும் ஊருக்கும் நடுவுல மாடு கன்னு, ஏர்கலப்பை, கட்டை வண்டி போறதுக்கு உட்டுருந்த பாதை. எங்க நடையில பாதிக்கு மேல இதுலதான். கிளுவை வேலி கம்பியா நிக்கும், அதுமேல கோவக்கொடியும் பெரண்டையும் ஏறிக்கெடக்கும், கீழ ஓணான், மேல தவிட்டுக்குருவி, மழைக்கு அப்புறம் வந்தீங்கன்னா வெள்ளைப்பூவும் மஞ்சப்பூவுமா நெறைஞ்சு கெடக்கும். எங்க அப்பாரு காலத்துல கீரை பறிக்க, மருந்துக்குத் தழை ஒடிக்க, பல்லு வெளக்கக் குச்சி ஒடிக்க எல்லாத்துக்கும் இட்டேரிதான், பொண்ணுங்களும் பசங்களும் பள்ளிக்கொடத்துக்குப் போனதும் இதுலதான்.

இப்ப என்னன்னா ஒரு பக்கம் வேலியை ஜேசிபி வெச்சுத் தள்ளிட்டு கம்பி போடறாங்க, இன்னொரு பக்கம் தார் ரோடு போட்டுடறாங்க, சில எடத்துல பக்கத்துக் காட்டுக்காரரு முழுசா உழுதே போட்டாச்சு. நாங்க இந்த நடையை ஆரம்பிச்சதுக்கே பாதிக் காரணம் இதுதான், மனுசன் நடந்துக்கிட்டே இருந்தா பாதை இருக்கும், நடக்காத பாதை அடுத்த சர்வேல காணாமப் போயிரும். வரலாறு சொல்றேன்னு கல்வெட்டை மட்டும் காட்டிட்டு, நடந்து வந்த தடத்தைக் காணோம்னா என்னங்க பிரயோஜனம்.

நொய்யல்ல எறங்கிக் குளிக்கலாமா?

வேண்டாங்க.

இதை மூடி மறைச்சுப் பேச எங்களுக்கு இஷ்டமில்ல. கொடுமணலுக்குக் கொஞ்சம் கீழ ஒரத்துப்பாளையம் அணை இருக்குது, 1992-ல பாசனத்துக்குன்னு கட்டுனது, திருப்பூர் சாயத்தண்ணி வந்து தேங்கி அது சாயக்குட்டை ஆயிப்போச்சு. கீழ இருந்த கெணறெல்லாம் உப்பாச்சு, தென்னை காஞ்சுது, வெவசாயிங்க கோர்ட்டுக்குப் போயி வருசக்கணக்கா அலைஞ்சாங்க. 2011-ல ஹைகோர்ட்டு சாயப்பட்டறைங்களை மூடச் சொல்லி உத்தரவு போட்டுச்சு, சுத்திகரிச்சு ஒரு சொட்டும் வெளிய உடாம இருந்தாத்தான் ஓட்டலாம்னு ஆச்சு. அதுக்கப்புறம் முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலை, ஆனாலும் குளிக்கற ஆறு இல்ல. அணைமேல நின்னு இந்தக் கதையையும் சொல்லித்தான் கூட்டிட்டுப் போவோம். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்துன கல்லுமணியைப் பத்திப் பெருமை பேசறவங்க முப்பது வருசத்துக்கு முந்துன சாயத்தண்ணியைப் பேசாம உட்டா அது நாயமில்லைங்க.

குளிக்கணும்னா கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி உட்டுருக்கறப்ப வாங்க, பவானிசாகர்ல இருந்து 200 கிலோமீட்டர் வர்ற வாய்க்கால், நம்ம வழியில அரச்சலூர் பக்கம் அதைத் தாண்டித்தான் போகணும். பெரும்பாலும் ஆகஸ்ட் வாக்குல தெறப்பாங்க. இழுப்பு பலமா இருக்கும், நீச்சல் தெரியாதவங்க படியில உக்காந்து சொம்புல மொண்டு ஊத்திக்கங்க.

சென்னிமலையில தறி பாக்க முடியுமா? நாங்களும் ஓட்டிப் பாக்கலாமா?

பாக்கலாம், ஓட்டறதுதான் யோசிக்கணும். சென்னிமலை பெட்சீட்டு எல்லாத்துக்கும் தெரியும். கைத்தறி நெய்யற ஊடுங்க இன்னும் இருக்குது, ஆனா பவர்லூம் வந்து ரொம்பக் கொறைஞ்சுபோச்சு, எளசுங்க யாரும் குழியில எறங்கறதில்ல. நாங்க கூட்டிட்டுப் போற ஊட்ல ஒரு அம்மா நெய்யறாங்க, அவங்க ஊட்டுக்காரரு பாவு புணைக்கறாரு, தறியில நீளவாக்குல ஓடற நூலை ஒண்ணோட ஒண்ணு முடியறது. குழிக்குள்ள காலைத் தொங்கப்போட்டு மிதிய மிதிச்சுக்கிட்டே ஒரு கை கயித்தை இழுக்க, நாடா இந்தப்பக்கம் இருந்து அந்தப்பக்கம் போயி முட்டற சத்தம் இருக்குதே, கொஞ்ச நேரம் கேட்டீங்கன்னா அதுல ஒரு தாளம் புடிபடும். நூலு ஒண்ணு அறுந்தா சத்தத்துலயே அவங்களுக்குத் தெரிஞ்சுபோகும், நிறுத்திட்டு அந்த ஒத்தை இழையை மட்டும் எச்சி தொட்டு முறுக்கி முடிஞ்சுட்டு மறுபடியும் மிதிக்க ஆரம்பிச்சுருவாங்க.

இப்ப விசயத்துக்கு வருவோம். அவங்களுக்குக் கூலி நெய்யற அளவுக்குத்தான். நீங்க பத்துப் பேரு ஆளுக்கு ரெண்டு இழுப்பு இழுத்துப் பாத்துட்டு போட்டோ எடுத்துட்டுப் போனா அன்னைக்கு அவங்க நெசவு பாதியா நின்னுபோயிரும். அதனால பழைய பாவு ஒண்ணைத் தனியா ஒரு தறியில ஏத்தி வெச்சுருக்கோம், ஓட்டிப் பாக்க ஆசைப்படறவங்க அதுல ஓட்டலாம். அந்த நேரத்துக்கும் அவங்களுக்குக் காசு உண்டு. பெட்சீட்டு வாங்கறதுன்னா அவங்ககிட்டயே வாங்கிக்கங்க, ஆனா பேரம் பேசி மானத்தை வாங்காதீங்க.

மலைக் கோயிலுக்குப் போவோமா?

போகலாம், 1320 படி. கந்த சஷ்டி கவசம் அரங்கேறுனது இங்கதான்னு சொல்லுவாங்க, 'சிரகிரி'ன்னு கவசத்துல வர்றது சென்னிமலைதான். முடியாதவங்களுக்கு மலைமேல போக ரோடும் இருக்குது. வெடியக்காலம் ஏறிட்டு எறங்கீருங்க, வெயிலேறுனா பாதம் பொரிஞ்சு போயிரும்.

தீரன் சின்னமலை எடமெல்லாம் வருமா?

ஓடாநிலை நம்ம வழியிலயே வருது. காங்கேயத்துக்குப் பக்கத்துல மேலப்பாளையத்துல 1756-ல பொறந்து, தீர்த்தகிரிங்கற பேரு சின்னமலை ஆனது வரிப்பணத்தைப் பறிச்ச கதையாலதான். மைசூருக்குப் போற பணத்தை வழிமறிச்சுப் புடுங்கி, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவுல ஒரு சின்னமலை புடுங்கிக்கிட்டான்னு போயிச் சொல்லு"ன்னு சொல்லி அனுப்புனாராம். இது ஊருவாய்க் கதை, ஆனா அந்த ரெண்டு மலையையும் ஒரே பார்வையில பாக்கற மேட்டுல நின்னு கேக்கறப்ப சின்னப் பசங்க வாய் பொளந்து நிப்பாங்க. அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனோட சண்டை, 1801-ல காவேரிக்கரை, 1802-ல ஓடாநிலை, 1804-ல அரச்சலூர். கடைசில புடிச்சு 1805 ஜூலை 31, ஆடிப்பெருக்கு அன்னைக்கு சங்ககிரிக் கோட்டையில தூக்குல போட்டாங்க.

எங்காளுங்க சின்னமலையோட நிறுத்த மாட்டாங்க, அது எங்க கட்டுப்பாடு. கூட நின்ன கருப்ப சேர்வை பேரும் சொல்லணும், பொல்லான் பேரும் சொல்லணும். பொல்லான் அருந்ததியர், எதிரி படைக்குள்ள இருந்து செருப்புக்குள்ள சேதி வெச்சு அனுப்புனவரு, புடிபட்டு உசுரை உட்டாரு. ஆடி ஒண்ணாந்தேதி அவரு நினைவு நாள். அரச்சலூர் பக்கம் ஜெயராமபுரத்துல அவருக்கு மணிமண்டபம் இருக்குது, அங்கயும் போவோம். சில குரூப்பு "டைம் இல்ல, ஓடாநிலை மட்டும் போதும்"னு சொல்லுவாங்க. அப்ப வேற ஆளைப் பாத்துக்கங்கன்னு சொல்லிருவோம்.

அரச்சலூர்ல என்னமோ இசைக் கல்வெட்டு இருக்குதாமே?

இருக்குதுங்க, எனக்குப் புடிச்ச எடமே அதான். நாகமலையில ஆண்டிப்பாறைன்னு ஒரு எடம், பாறைக்கு அடியில சமணர் படுக்கை இருக்குது. அங்க தமிழிங்கற பழங்காலத் தமிழ் எழுத்துல த, தை, தா, தேன்னு எழுத்தா வெட்டி வெச்சுருக்காங்க, வரிக்கு அஞ்சு எழுத்து, அஞ்சு வரி. இடப்பக்கம் இருந்து படிங்க, வலப்பக்கம் இருந்து படிங்க, மேல இருந்து கீழ படிங்க, ஒரே மாதிரிதான் வரும். 1960-கள் ஆரம்பத்துல இதை வெளிய கொண்டாந்தது கொங்கு ஆராய்ச்சி பண்ணுன புலவர் செ. இராசு அய்யா. பாட்டுக்கா, ஆட்டத்துக்கான்னு அறிஞருங்க இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க. காலம் கி.பி. 2-ல இருந்து 4-ஆம் நூத்தாண்டுக்குள்ள.

எழுதுனவன் பேரும் அங்கயே இருக்குது, 'மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன்'. வண்ணக்கன்னா மணி, காசு இதெல்லாம் நல்லதா கெட்டதான்னு சோதிக்கறவன். கொடுமணல்ல மணி அறுத்தாங்க, இங்க மணி சோதிக்கறவன் ஒருத்தன் பாறையில தாளம் எழுதி வெச்சுட்டுப் போயிருக்கான். ரெண்டையும் கால்ல நடந்து சேர்த்துப் பாத்தாத்தான் இந்தப் பக்கத்து ஆளுங்க எப்படி இருந்தாங்கன்னு ஒரு நெனப்பு வரும், கார்ல வந்து தனித்தனியா போட்டோ எடுத்தா வராது.

ஏறறது கொஞ்சம் கஷ்டம், முள்ளும் பாறையுமா இருக்கும். எழுத்து மேல சுண்ணாம்பு தடவறது, சாக்பீஸ் போட்டுப் போட்டோ எடுக்கறது எதுவும் பண்ணாதீங்க. சாயந்திரம் வெயிலு சாய்வா விழுகறப்ப எழுத்து தானாத் தெரியும்.

சாப்பாடு என்ன? ஹோட்டலா?

ஊட்டுச் சாப்பாடுங்க. மத்தியானம் அரிசிம்பருப்பு சோறு, நெய்யி, தயிரு, அப்பளம், அதுதான் பெரும்பாலும். நடந்து வந்த பசிக்கு அதுக்கு ஈடு ஒண்ணும் கெடையாது. ராத்திரிக்கு சந்தகை (இடியாப்பம் மாதிரி), தேங்காப்பால், இல்லைன்னா ராகிக்களியும் கொள்ளுப் பருப்பும். பச்சப்புளி ரசம் கேட்டு வாங்கிக் குடிங்க, கொதிக்க வெக்காம கரைச்சே குடுக்கறது. நாட்டுக்கோழி வேணும்னா மொத நாளே சொல்லணும், வந்து நின்னுக்கிட்டு கேட்டா கோழிக்கு எங்க போறது. சீசன் இருந்தா காலையில தெளுவு, அதாவது பதனி கெடைக்கும், மரத்துல இருந்து எறக்குன ஒடனே குடிச்சாத்தான் ருசி. ஊத்துக்குளி வழியா வர்றவங்க வெண்ணெய் வாங்கிக்கங்க.

ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் சமைக்கறதுங்கறது அந்த ஊட்டு அம்மிணி முடிவு பண்றது, நாங்க இல்ல. அவங்க பத்துன்னா பத்துதான்.

யாரு ஊட்ல சாப்பிடுவோம்?

இதைச் சுத்தி வளைச்சுக் கேப்பாங்க. "நல்ல ஊடா பாத்து ஏற்பாடு பண்ணுங்க", "எங்க அப்பா கொஞ்சம் பழைய ஆளு"ன்னு. புரியுதுங்க எதைக் கேக்கறீங்கன்னு.

முறை வெச்சு எல்லாத் தெருவுலயும்தான். ஊர்ல எந்தத் தெரு எந்த வாரம்னு நோட்டுல எழுதியிருக்குது, அதுல மாத்தம் கெடையாது. இதே ஊருங்கள்ல டீக்கடையில ரெண்டு டம்ளரு இருந்த காலம் எங்க வயசுக்காரங்களுக்கே ஞாபகம் இருக்குது. ஊரு பேரைச் சொல்லி வர்ற காசு ஒரே தெருவுக்குப் போச்சுன்னா அதுக்கு ஊருன்னு பேரு வெக்கக் கூடாது. ஆரம்பத்துல எங்களுக்குள்ளயே இதுக்குச் சண்டை நடந்துச்சு, ரெண்டு பேரு வெலகிக்கூடப் போயிட்டாங்க. போனது போகட்டும். இது ஒத்து வரலைன்னா மத்தியானச் சோத்தை டவுன்ல பாத்துக்கிட்டு மத்ததுக்கு வாங்கன்னும் சொல்ல மாட்டோம், வரவே வேண்டாம்.

எவ்வளவு ஆகும்? காசு யாருக்குப் போகுது?

எத்தனை நாள், எத்தனை பேருங்கறதைப் பொறுத்து, கேட்டாச் சொல்றோம். பிரிக்கறது எப்படின்னா, சாப்பாட்டுக் காசு சமைச்ச ஊட்டுக்கு முழுசா. தங்கற காசும் அப்படியே. வழி காட்டறவங்களுக்கு நாள் கூலி, அன்னைக்குக் காட்டு வேலைக்குப் போனா என்ன கெடைக்குமோ அதுக்குக் கொறையாம. பொம்பளைக்கு ஒண்ணு ஆம்பளைக்கு ஒண்ணுன்னு இங்க கெடையாது. மீதி பொதுவுல போட்டு இட்டேரியில முள்ளு வெட்ட, சாஞ்ச புலிகுத்திக்கல்லை நிமுத்த, வழியில தண்ணித்தொட்டி வெக்கன்னு செலவு பண்றோம். கணக்கு நோட்டு யாரு வேணா வாங்கிப் பாக்கலாம், வந்த விருந்தாளிங்களும்.

சிட்டியில இருந்து ஒரு கம்பெனி வந்து எங்ககூட ஒரு தடவை நடந்துட்டு, அப்புறம் அதே வழிக்கு 'ஹெரிடேஜ் வாக்'னு பேரு வெச்சு அவங்களே ஆளுக்கூட்டி வேன்ல கூட்டிட்டு வந்தாங்க. சாப்பாடு டவுன்ல இருந்து பார்சல், ஊருக்குக் கெடச்சது ஒரு மூட்டை பிளாஸ்டிக் தட்டு. ரோடு எல்லாத்துக்கும் பொதுதான், தடுக்க முடியாது. ஆனா காட்டுக்குள்ள போற தடம் சொந்தக்காரரு சம்மதத்துல போறது, அவங்க ரெண்டாந்தடவை படலைத் தெறக்கலை.

தங்கறதுக்கு ரூம் இருக்கா?

ஊட்டுத் திண்ணை, மெத்தை (மாடி), ஆசாரம் (முன்கூடம்), இல்லைன்னா ஒரு ரூம். பாத்ரூம் இருக்கு, வெந்நி போட்டுத் தருவாங்க. ஏசி எதிர்பாக்காதீங்க. வாசல்ல கயித்துக் கட்டில்தான் வேணும்னு சண்டை போடற விருந்தாளிங்களும் உண்டு.

காங்கேயம் மாடு பாக்கணும், புடிச்சு போட்டோ எடுக்கணும்.

பாக்கலாம், புடிக்கறதுதான் மாடு முடிவு பண்ணும். கொரங்காட்டுல மேயறதைப் பாக்கறதுதாங்க அழகு. கொரங்காடுன்னா மேய்ச்சலுக்குன்னே உட்டு வெச்ச நெலம், உள்ள கொழுக்கட்டைப்புல்லு, அங்கங்க வெள்வேல மரம், சுத்தியும் கிளுவை வேலி. மழை கம்மியான சீமைக்கு முன்னோருங்க யோசிச்சு வெச்ச ஏற்பாடு, வேலிக்குள்ள உட்டுட்டா மேய்க்க ஆளே வேண்டாம். கன்னுக்குட்டி செவப்பாப் பொறக்கும், ஆறு மாசத்துக்கு மேல போகப் போக நெறம் மாறும். காரி, மயிலை, பிள்ளை, செவலைன்னு நெறத்துக்கொரு பேரு இருக்குது, சின்னப்பசங்ககிட்ட கேளுங்க, உங்களை விட நல்லா சொல்லுவாங்க. சித்திரையில வந்தா வெள்ளகோயில் பக்கம் கண்ணபுரம் மாட்டுச்சந்தையைப் பாத்துட்டுப் போங்க. தையில வந்தா பட்டிப் பொங்கல்.

எங்க குரூப்புக்கு மட்டும் ஒரு கும்மியாட்டம், அண்ணன்மார் கதை ஏற்பாடு பண்ண முடியுமா?

வள்ளி கும்மி ஊருக்கு ஊரு ஆடறாங்க, பழகற நாளைக்கு வந்தா பாக்கலாம், நீங்களும் ஒரு ஓரத்துல நின்னு ஆடலாம். அண்ணன்மார் கதை வேற. பொன்னர் சங்கர் கதையை உடுக்கையடிச்சு ராத்திரி ராத்திரியாப் பாடறது சாமி காரியம், கேக்கறவங்களுக்கே அருள் வந்துரும். அதை அரைமணி நேர ஐட்டமா சுருக்கி கேம்ப்ஃபயர் முன்னாடி பாடச் சொன்னா பூசாரி வர மாட்டாரு, நாங்களும் கேக்க மாட்டோம். கோயில் நோம்பி (திருவிழா) நடக்கற நேரத்துல வந்தீங்கன்னா ஊரோட ஊரா உக்காந்து கேளுங்க, பாயி தர்றோம்.

எந்த மாசம் நல்லாருக்கும்?

மார்கழி, தை. வெள்ளோடு கொளத்துல அப்பத்தான் பறவைங்க நெறைய இருக்கும், கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை எல்லாம். 2022-ல இந்தக் கொளத்தை ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநெலங்களோட பட்டியல்ல சேத்துட்டாங்க. அந்தச் சுத்துவட்டார ஊருங்கள்ல பறவைக்காகத் தீவாளிக்கு வெடி வெக்கறதில்ல, அதனால தீவாளி சமயம் வர்றவங்க பட்டாசு கொண்டாறாதீங்க. ஆடியில காத்து தூக்கும், கணவாய்க் காத்து, மண்ணு கண்ணுல வந்து விழும், ஆனா ஆடிப்பதினெட்டுக்கு ஓடாநிலை பாக்கணும்னா அப்பத்தான் வரணும். பங்குனி, சித்திரையில நடை கெடையாது, சந்தைக்கு வேணா வாங்க.

வயசானவங்க, கொழந்தைங்க வரலாமா?

வரலாம். கொடுமணல், தறி, வெள்ளோடு மூணும் மெதுவா நடக்கறவங்களுக்கும் ஆகும். நாகமலை மட்டும் முழங்கால் நல்லா இருக்கறவங்களுக்கு.

டிரோன் பறக்க உடலாமா? ரீல்ஸ்?

டிரோன் வேண்டாம். மாடு மெரளும், வெள்ளோட்டுல பறவை மொத்தமாக் கெளம்பீரும். ரீல்ஸ் எடுங்க, ஆளைக் கேட்டுட்டு எடுங்க. குளிக்கற வாய்க்கால்லயும் ஈமக்காட்டுலயும் ஆட்டம் போட்டு எடுக்காதீங்க. அந்தக் கல்லறை யாரோ ஒருத்தரோட அப்புச்சி அமுச்சிதுதான், தாத்தா பாட்டியோடதுதான்.

சரக்கு?

கெடையாது. கொண்டுட்டு வந்தாலும் கெடையாது.

எங்க ஊர்லயும் இந்த மாதிரி ஆரம்பிக்கணும். எங்க ஆரம்பிக்கறது?

மொதல்ல ஊர்ல இருக்கற கெழவன் கெழவிகூட ரெண்டு மாசம் நடங்க. எந்தக் கல்லுக்கு என்ன கதை, எந்த இட்டேரி எங்க போச்சு, எந்தக் கெணறு எந்தப் பஞ்சத்துல வெட்டுனதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். போன்லயே ரெக்கார்டு பண்ணிக்கங்க. நடுகல்லு, எழுத்திருக்கற பாறை ஏதாச்சும் புதுசாத் தெரிஞ்சா தொல்லியல் துறைக்குச் சொல்லிருங்க, பால் ஊத்தி மஞ்ச பூசறதுக்கு முன்னாடி. ஊட்ல ஆளுங்களைத் தங்க வெக்கறதுன்னா சுற்றுலாத் துறையில பதிஞ்சுக்கலாம், மத்திய அரசு ஹோம்ஸ்டே திட்டத்துல ஒரு ரூம்ல இருந்து ஆறு ரூம் வரைக்கும்தான், ஊட்டுக்காரங்களும் அங்கயே குடியிருக்கணும்.

பணம் வர்றதுக்கு முன்னாடியே பிரிக்கற கணக்கை எழுதி வெச்சுருங்க. வந்ததுக்கப்புறம் எழுத உக்காந்தா எழுத முடியாது. அப்புறம் போர்டு, ஆர்ச்சு, செல்பி பாயிண்ட்டுன்னு பஞ்சாயத்துல யாராச்சும் கெளம்புவாங்க, அந்தக் காசுக்கு ரெண்டு கக்கூஸ் கட்டச் சொல்லுங்க, வர்ற பொம்பளைங்க உங்களை வாழ்த்துவாங்க.

எப்படி வர்றது?

ரயில்ல வந்தா கொடுமணலுக்கு ஊத்துக்குளி, சென்னிமலைக்கு ஈங்கூர், ரெண்டுலயும் எல்லா வண்டியும் நிக்காது, பாத்துட்டு ஏறுங்க. ஈரோட்ல எறங்கிட்டா சென்னிமலைக்கும் அரச்சலூருக்கும் பஸ் நெறைய இருக்குது. கொடுமணலுக்கு டவுன் பஸ் எப்பவோ ஒண்ணுதான், சொன்னா ஆளனுப்பறோம்.

என்னென்ன கொண்டு வரணும்?

செருப்பு வேண்டாம், ஷூ. வேலாமுள்ளு ரப்பர் செருப்பை ஊடுருவிக்கிட்டு வந்துரும். தொப்பி, தண்ணி பாட்டில், ஒரு துண்டு. பிளாஸ்டிக் கொண்டாந்தா திருப்பி எடுத்துட்டுப் போங்க.

ஊருக்குள்ள நாய் கடிக்குமா?

தோட்டத்து நாயிங்க கொலைக்கும், ஓடாம நின்னீங்கன்னா ஒண்ணும் பண்ணாது. ஊட்டுக்காரரு பேரைச் சொல்லிச் சத்தமாக் கூப்புடுங்க, வந்து புடிச்சுக் கட்டீருவாரு.